உதிர்ந்த பழம் தங்காத வாசல்

துரந்தாச் செடியைச் சாகடிப்பது அவ்வளவு சுலபமில்லை. மல்லசமுத்திரம் ரோட்டில் இருபத்திரண்டு வருஷமாக நர்சரி வைத்திருப்பவன் சொல்கிறேன். ரோஜாவை வாங்கிப் போய்ப் பத்தே நாளில் கருக்கிவிட்டு, "உங்க செடியே சரியில்லீங்க" என்று சண்டைக்கு வருகிறவர்கள் கையில் நான் கொடுத்தனுப்புவது துரந்தாவைத்தான். சுக்கான்கல் மண்ணிலும் வரும், உப்புத் தண்ணீரிலும் வரும், ஒரு வாரம் மறந்துபோனாலும் கோபித்துக்கொள்ளாது. காலேஜ்காரர்கள் வேலிக்கு வாங்குவது மஞ்சள் இலைத் துரந்தா. அதைக் கத்தரித்துக் கத்தரித்துப் பூக்கவே விடமாட்டார்கள். நான் சொல்வது பழைய ரகம். கிளையில் முள் இருக்கும். ஊதாப்பூ சரம் சரமாகத் தொங்கும். அப்புறம் மஞ்சள் பழம் மணி கோத்த மாதிரி மாதக்கணக்கில் நிற்கும். பார்க்க அழகு, தின்றால் விஷம். குழந்தை இருக்கிற வீடென்றால் அதை முதலிலேயே சொல்லிவிடுவேன்.

2017-ஆம் வருஷம் ஆனி மாதத்தில் வேலுசாமியண்ணன் வந்து அந்தப் பழைய ரகத்தில் மூன்று கன்று கேட்டார்.

"ஊட்ல சின்னப் புள்ளைங்க இருக்குதுங்களாண்ணா?"

"நானும் உங்கக்காளுந்தான். தண்ணி எச்சாக் கேக்காதல்ல?"

"கேக்காதுங்க. வேரு புடிக்கற வரைக்கும் ஊத்துங்க, போதும்."

"மண்ணு பொலபொலன்னு இருந்தா சீக்கிரம் வந்துருமா?"

வந்துவிடும் என்றேன். என் முகத்தைப் பார்க்காமல் கன்றுகளை வாங்கிக்கொண்டு போனார். எதற்கெடுத்தாலும் பத்து நிமிஷம் நின்று பேசுகிற மனுஷன் அன்று போன வேகம் எனக்கு அப்போதே உறுத்தியது.

வேலுசாமியைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஆழ்துளைக் கிணறு போடுவதற்கு முன்னால் எந்த இடத்தில் போடுவது என்று பார்த்துச் சொல்வது அவர் வேலை. உரித்த தேங்காயைக் குடுமி முன்பக்கம் இருக்கும்படி உள்ளங்கையில் படுக்க வைத்துக்கொண்டு காட்டுக்குள் நடப்பார். கீழே நீரோட்டம் இருக்கிற இடம் வந்தால் தேங்காய் எழுந்து நிற்கும். அங்கே சுண்ணாம்பில் ஒரு வட்டம் போடுவார். அதுதான் பாயிண்ட். எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. "உள்ளங்கையை லேசா மடக்குனா உருண்டைத் தேங்கா நிக்காம என்னங்கண்ணா பண்ணும்?" என்று அவரிடமே கேட்டிருக்கிறேன். "நீ மடக்கிப் பாரு" என்று தேங்காயை என் கையில் வைத்தார். எவ்வளவு மடக்கியும் அது நிற்கவில்லை. அதனால் நம்பிவிட்டேன் என்று அர்த்தமில்லை. எனக்கு மடக்கத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

திருச்செங்கோட்டிலிருந்து ராசிபுரம் வரை முப்பத்தெட்டு வருஷம் பாயிண்ட் காட்டியவர். அவர் வட்டம் போட்ட இடம் பொய்த்ததை விரல் விட்டு எண்ணிவிடலாம் என்பார்கள். ஆனால் அந்தத் தொழிலில் ஒரு கட்டுப்பாடு உண்டு. பார்க்கிறவன் தன் சொந்த நிலத்துக்குத் தானே பார்க்கக் கூடாது. ஆசை கையில் இறங்கிவிடும் என்பார்கள். வேறொருத்தரைக் கூப்பிட்டுத்தான் பார்க்க வேண்டும். இதே தொழில் பார்த்த அவருடைய அப்பாவும் அப்படித்தான் ராசிபுரத்துக்காரர் ஒருவரைக் கூட்டிவந்து பார்த்தார்.

அவர் கன்று வாங்க வந்த அந்த வருஷம் கோடையிலேயே கிணறு காய்ந்து, தென்னைக்குக் குருத்தே சாய்ந்துவிட்டது. வேலுசாமி பொறுக்க முடியாமல் தனக்குத் தானே தேங்காயை எடுத்தார். காட்டில் இரண்டு இடம் காட்டினார். இரண்டிலும் புழுதிதான் வந்தது. மூன்றாவதாக வீட்டு வாசலிலேயே தேங்காய் நின்றது. நின்றது மட்டுமில்லை, கையை விட்டுத் துள்ளிக் கீழே விழுந்தது என்று அவருடைய மனைவி வசந்தாமணியக்கா சொன்னார். போர் போடுகிற குணசீலனின் ரிக் வண்டி வந்து எண்ணூற்றைம்பது அடி ஓட்டியது. கடைசி அடி வரை புகை மாதிரி வெள்ளைப் புழுதி. தெருவே முகத்தைத் துடைத்துக்கொண்டு கலைந்து போனது.

"ஊருக்கெல்லாம் சகுனம் சொல்லுமாம் பல்லி, கழுநீர்ப் பானையில விழுமாம் துள்ளி" என்று டீக்கடையில் எவனோ சொல்லி, எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அன்றிலிருந்து யாரும் அவரைப் பாயிண்ட் பார்க்கக் கூப்பிடவில்லை. காடு காய்ந்ததைவிட அதுதான் அவரைத் தின்றது. "அந்த எடத்துல தண்ணி இருக்குது. என் கை பொய் சொல்லாது" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னார். அப்புறம் சொல்வதை நிறுத்திவிட்டார். அந்த ஒரு சொல் மெய்யாக வேண்டும் என்பதைத் தவிர அவருக்கு வேறு ஆசை எதுவும் மிச்சமில்லை.

மூன்று துரந்தாவில் இரண்டைக் கேட்டின் இரு பக்கமும் வைத்தார். ஒன்றை வாசலில் வைத்தார். கேட்டுச் செடிகள் ஒழுங்காக இடுப்பளவு வளர்ந்தன. வாசலில் வைத்தது நான்கு வருஷத்தில் வீட்டு ஓட்டைத் தொட்டது. துரந்தா அப்படி வளருவது உண்டு. அதில் அதிசயமில்லை. பழம் முடிந்ததும் மூன்றில் ஒரு பங்கை வெட்டிவிடச் சொல்லிக் கொடுத்திருந்தேன், புதுக்கிளையில்தான் பூ வரும் என்று. அவர் அதைக் கோயில் வேலை மாதிரி செய்வார். சித்திரை வெயிலில் ஊரே பொசுங்கிக் கிடக்கும்போது அந்தச் செடி மட்டும் பச்சென்று, ஒரே நேரத்தில் பூவும் பழமுமாக நிற்கும். தண்ணீரே ஊற்றுவதில்லை என்றார். நான் நம்பவில்லை. பாத்திரம் கழுவிய தண்ணீராவது ஊற்றுவார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம், ஐப்பசியில், வசந்தாமணியக்கா போன் செய்தார்.

"தம்பி, ஒருக்கா வந்து அந்தச் செடியப் பாத்துட்டுப் போங்க."

"பூச்சி உழுந்திருச்சுங்களா?"

"இல்லீங்க. அதுல உதுர்ற பழம் கீழ இருக்கறதில்லீங்க."

குருவி தின்னும் என்றேன். "அதுல குருவியே உக்கார்றதில்லீங்க தம்பி" என்றார். அடுத்த நாள் முற்பகலில் போனேன்.

மழைக்கு முந்திய புழுக்கம். ஒரு இலை அசையவில்லை. கேட்டின் இரண்டு பக்கமும் செடிக்கு அடியில் மஞ்சள் பழம் கொட்டிக் கிடந்தது. கொண்டைக்குருவிகள் சண்டை போட்டுக்கொண்டிருந்தன. வாசல் செடியில் அதைப் போல மூன்று பங்கு பழம் தொங்கியது. அடியில் ஒன்றுகூட இல்லை. தரை துடைத்து விட்டது போல இருந்தது.

"நான் கூட்டறதில்லீங்க. ஏழு வருசத்துல அதுக்கடியில சீமாறு போட்டதே இல்ல" என்றார் அக்கா. "வெயில் நாள்ல பாத்தா பூவெல்லாம் மெதுவ்வா நகுந்து தூரு கிட்டப் போகும். அப்பறம் இருக்காது. மழை வர்றாப்பல இருந்தா உள்ளிருந்து ஊதுது. இந்த வாசல்ல மழைத்தண்ணி நின்னு பாத்திருக்கீங்களா? அடுத்த ஊட்ல முழங்கா அளவு நிக்கும், எங்கூட்ல கால் மணி நேரத்துல காணாமப் போயிரும். வாசல் மேடுன்னு பெருமை பேசீட்டு இருந்தோம்."

அப்போதுதான் கவனித்தேன். ஊரில் எந்தச் செடியிலும் இலை அசையாத நேரத்தில் இந்தச் செடியின் கீழ்க்கிளைகள் மட்டும் நடுங்கின. மேல்கிளை சும்மா இருந்தது. செடியோடு பிழைப்பு நடத்துகிறவன் செடியைப் பார்த்துப் பயப்படுவதா என்று என்மேலேயே கோபம் வந்து, மண்டிபோட்டுக் கிளையை விலக்கினேன். முகத்தில் சில்லென்று காற்று பட்டது. நனைந்த மண் வாசனை. தூருக்குப் பின்னால் கை நுழைகிற அளவு ஒரு பொந்து. அதிலிருந்துதான் வந்தது. ஒரு மூச்சு விட்டு, சற்று நின்று, மறுபடி வந்தது.

"அக்கா, அந்த மூணாவது போரு வாசல்ல எந்த எடத்துலீங்க போட்டீங்க?"

அவர் செடியைக் காட்டினார்.

தண்ணீர் வராத போரில், மண் சரியாமல் இருக்க மேலே இறக்கியிருக்கிற கேசிங் பைப்பை உருவிக்கொள்வது இங்கே வழக்கம். அடுத்த இடத்துக்கு ஆகும். மிச்சக் குழியைக் கல்லும் மண்ணும் கொட்டி அடைக்க வேண்டும். அல்லது மூடி போட வேண்டும். ஆனால் வாசலில் மூடி இருந்தால் வருகிறவன் போகிறவனெல்லாம் அதைப் பார்ப்பானே. நீரோட்டக்காரன் வீட்டு வாசலில் காய்ந்த போர்! வேலுசாமி கோணிச்சாக்கில் வைக்கோலைத் திணித்துக் குழிக்குள் மூன்றடிக்கு இறக்கி, மேலே சாணமும் மண்ணும் போட்டு, அதன் மேல் என் துரந்தாவை நட்டுவிட்டாராம். பொலபொலவென்ற மண்ணில் சீக்கிரம் வரும் என்று வாயால் சொன்னவன் நான். சாக்கு எப்போதோ மக்கிப்போயிருக்கும்.

முருங்கைக்காய் பறிக்கிற துரட்டி சுவரில் சாய்ந்திருந்தது. பத்தடி மூங்கில். பொந்துக்குள் விட்டேன். எதிலும் முட்டவில்லை. பக்கவாட்டில் ஆட்டினேன். சுவரே இல்லை. அந்தப் பக்கமும் வெறும் வெளி, இந்தப் பக்கமும் வெறும் வெளி. துரட்டி கையிலிருந்து நழுவிவிட்டது. விழுகிற சத்தத்துக்காகக் காத்திருந்தோம். வரவேயில்லை.

"கேட்டுச்சா?" என்று பின்னாலிருந்து குரல். வேலுசாமி எப்போது வந்து நின்றார் என்று தெரியவில்லை. முகமெல்லாம் சிரிப்பு.

"என்னதுங்ணா?"

"ளொடக்குன்னு தண்ணில உழுந்துதே. பழம் உழும்போதுகூட எனக்குக் கேக்கும். கட்டல்ல படுத்திருந்தாலே கேக்கும்."

எனக்கு எதுவும் கேட்கவில்லை. அக்காவைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மெதுவாகப் பின்வாங்கி எழுந்தேன். விளக்கமாகச் சொன்னேன். பைப் இல்லாததால் ஏழு வருஷ மழையும் இந்த வாசல் வழியாக இறங்கி, உள்மண்ணைக் கரைத்துக்கொண்டு போயிருக்கிறது. நாம் நிற்பது வெறும் ஓடு. அந்தச் செடியின் வேர் பின்னிப் பிடித்திருப்பதால்தான் அது இன்னும் உட்காரவில்லை. இன்றைக்கே கயிறு கட்டி, யாரும் கிட்டப் போகாமல், கிராவல் கொட்டி மூடிவிட வேண்டும்.

"அப்ப உள்ள தண்ணி இருக்குதுன்னு நீயே சொல்ற" என்றார்.

"அது மேல பேஞ்ச மழைங்க! ஊத்துத் தண்ணியில்ல!"

"தண்ணில என்ன மழைத்தண்ணி, ஊத்துத் தண்ணி? நான் தண்ணின்னு சொன்னேன். இருக்குது." செடியை அன்போடு பார்த்தார். "தண்ணியில்லாமத்தான் இது இப்படி நிக்குதாக்கும்?"

எனக்குக் கோபம் மண்டைக்கு ஏறியது. கெட்ட வார்த்தை ஒன்று சொல்லிவிட்டுத்தான் வண்டியை எடுத்தேன். அப்போதே நான்கு பேரைக் கூட்டிவந்து மூடியிருக்க வேண்டும். வீம்பில் வந்துவிட்டேன். இதைச் சொல்ல எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது.

அடுத்து வந்த புதன்கிழமை காலை ஒன்பது மணிக்கு அக்கா மறுபடி கூப்பிட்டார். "தம்பி, குணசீலன் ரிக்கு வண்டி தெரு முக்குல திரும்புதுங்க. செடிய எடுத்துப்போட்டு அதே எடத்துல மறுக்கா ஓட்டறதாம். நான் சொன்னாக் கேக்க மாட்டீங்கறாரு."

இருபது டன்னுக்கு மேலான வண்டி, மேலே நாலைந்து ஆட்கள். நான் பறந்தேன். கேட்டுக்குள் முன்சக்கரம் நுழைகிற நேரத்தில் பைக்கைக் குறுக்கே போட்டேன்.

"யோவ், கேசிங் உருவுனது நீதான?" என்று குணசீலனைக் கேட்டேன்.

"எல்லாரும் உருவறதுதானுங்க."

"அதுக்கடியில பத்தடித் துரட்டி உட்டேன். சத்தம் வரல."

அவன் வாசலைப் பார்த்தான், செடியைப் பார்த்தான், முகம் வெளுத்தது. கையைக் காட்டி வண்டியைப் பின்னால் எடுக்கச் சொன்னான். அடுத்த வீட்டுக்காரர்களும் சேர்ந்துவிட்டார்கள். பூஜைக்கு வைத்த தட்டோடு வேலுசாமி வாசற்படியில் நின்றார். வண்டி பின்னால் போவதைப் பார்த்த அவர் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. ஏழு வருஷத்துக்கு முன்னால் கலைந்து போன அதே தெரு மறுபடி கலையப் போகிறது.

"அரை நிமிசம் நில்லுங்க" என்றார். தட்டிலிருந்து தேங்காயை எடுத்து உள்ளங்கையில் வைத்தார். நான் கத்தினேன். அக்கா கத்தினார். அவர் காதில் விழவில்லை. அடி மேல் அடி வைத்துச் செடியை நோக்கி நடந்தார். இரண்டு முழம் இருக்கும்போது தேங்காய் அசைந்தது. மெல்ல எழுந்தது. நேராக நின்றது. கை விரித்துத்தான் இருந்தது, நான் பார்த்தேன். விரல் ஒன்றும் மடங்கவில்லை.

"பாத்தயா வசந்தி!" என்று திரும்பினார்.

சத்தமே இல்லாமல் தரை உள்ளே போனது. இடிந்தால் சத்தம் வரும் என்றுதான் நினைத்திருந்தேன். ஒரு சேலையை உருவியது போல வாசல் போனது. அவர் மார்பு வரை இறங்கி நின்றார். செடியின் கவை அக்குளில் மாட்டியிருந்தது. முள் கிழித்து ரத்தம் ஓடியது. செடி அவரோடு சேர்ந்து சாய்ந்து, வேர் ஒவ்வொன்றாகத் தெறிக்கிற ஓசை மட்டும் கேட்டது. குணசீலனின் ஆட்கள் ரிக் வண்டியிலிருந்து ஏணியை எடுத்துத் தரையில் படுக்கப் போட்டு, அதன் மேல் ஊர்ந்து போய்க் கயிற்றை அவர் மார்பில் மாட்டினார்கள். இழுத்தோம். அவர் ஏணிக்கு வந்ததும் செடி விட்டுவிட்டது. பூவும் பழமுமாக அப்படியே உள்ளே போனது. அதற்கும் சத்தம் வரவில்லை.

தெருவில் கொண்டுவந்து படுக்க வைத்தோம். ரத்தத்தைப் பற்றி அவர் கேட்கவில்லை. உயிர் பிழைத்ததைப் பற்றியும் கேட்கவில்லை. அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"காலு நனஞ்சிருக்குதா, பாரு."

அக்கா காலைப் பார்த்தார். நானும் பார்த்தேன். முழங்கால் வரை வெள்ளைப் புழுதி, மாவில் முக்கி எடுத்தது போல. ஒரு சொட்டு ஈரமில்லை. தெருவே பார்த்துக்கொண்டு நின்றது.

"நனஞ்சிருக்குதுங்க" என்றார் அக்கா. "முழங்கா வரைக்கும் நனஞ்சிருக்குது." சொல்லிக்கொண்டே முந்தானையால் இரண்டு காலையும் மூடிவிட்டார்.

வேலுசாமி கண்ணை மூடிக்கொண்டார். "போதும். மூடிருங்க" என்றார். ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. நாக்கில் முள் உள்ள அந்தத் தெருவுக்கு அன்றைக்கு வந்த நல்ல புத்திக்காக அதன் பழைய சிரிப்பையெல்லாம் நான் மன்னித்துவிட்டேன். சாயங்காலத்துக்குள் பதினோரு டிராக்டர் கிராவல் விழுங்கிய பிறகுதான் வாசல் நிரம்பியது.

நாற்பது நாள் கழித்துப் பார்க்கப் போனேன். அவர் உள்ளே கட்டிலில் இருந்தார். முள் கிழித்த காயம் ஆறிவிட்டது என்றார் அக்கா. ரிக், போர், பாயிண்ட் என்று ஒரு பேச்சு கிடையாதாம். நன்றாகச் சாப்பிடுகிறாராம், சிரிக்கிறாராம். நான் குரலைத் தாழ்த்திக் கேட்டேன்.

"காலு காஞ்சுதானுங்க்கா இருந்துச்சு?"

"காஞ்சுதான் இருந்துச்சுங்க. அந்த மூஞ்சியப் பாத்துட்டு வேற என்னத்தத் தம்பி சொல்லுவேன்?" அவர் கண் கலங்கியது. உள்பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார். "அன்னிக்குக் காஞ்சிருந்துச்சு. அடுத்த நாள்ல இருந்துதான் நனையுது."

"எதுங்க?"

"காலுதானுங்க. தொடைச்சு உட்டா மறுக்கா நனையுது. டாக்டரு வேர்வைங்கறாரு, நரம்புக் கோளாறா இருக்கும்ங்கறாரு. மாத்தரை குடுத்திருக்காரு. வேர்வை இத்தன சில்லுனு இருக்குமுங்களா? மண்ணு வாசம் அடிக்குமுங்களா? நான் என்னத்தச் சொன்னனோ அது அப்படியே முழங்கா வரைக்கும்."

"யாரு, செடிக்காரத் தம்பியா?" என்று உள்ளிருந்து சத்தம் வந்தது. வேலுசாமியண்ணன் எழுந்து, சிவப்புச் சிமெண்டுத் தரையில் மெதுவாக நடந்து வந்தார். முகம் தெளிவாக, பத்து வயது குறைந்த மாதிரி இருந்தது. அவருக்குப் பின்னால் கட்டிலிலிருந்து கதவு வரை பாதத் தடங்கள் பளபளத்தன. அக்கா மூலையில் இருந்த துணியை எடுத்து, பழகிய கையோடு அவற்றை ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"என்ன கொண்டாந்த, கன்னு ஏதாச்சும்?" என்று என் எதிரே வந்து நின்றார். நலம் விசாரித்தேன். அவர் எதையோ சொல்லிச் சிரித்தார், காதில் ஏறவில்லை. அவர் நின்ற இடத்திலிருந்து தரையில் ஈரம் மெல்லப் பரவி வந்து, செருப்பில்லாத என் கால் விரலைத் தொட்டது. சில்லென்று இருந்தது.